தரையிலிருந்து எழும் குத்து

பருத்திப்பட்டு ஏரியை 2019-இல் சீரமைத்து நடைபாதை போட்டார்கள். காலையில் அங்கே நடக்கப் போகிறவர்கள் கண்ணில் குத்துச்சண்டை பழகும் பையன்களும் படுவதுண்டு. ஓட்டம் முடிந்ததும் இரண்டு கைகளிலும் டம்பெல்ஸைப் பிடித்துக்கொண்டு காற்றைக் குத்தித் தள்ளுகிறார்கள். ஆவடிப் பக்கத்தில் இந்த ஆர்வம் வியப்பில்லை. டேங்க் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், சி.ஆர்.பி.எப்., தமிழ்நாடு சிறப்புக் காவல் படை என்று சீருடைகளுக்கு நடுவே வளர்ந்த ஊர் இது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை என்பது இங்கே பல வீடுகளில் போடப்படும் கணக்கு. அதனால் அடி வெயிட்டாக விழவேண்டும் என்ற ஆசைக்கு வயிற்றுப்பாட்டுக் காரணமும் உண்டு. அந்த ஆசையோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு அவர்கள் பிடித்திருக்கும் வழியோடுதான்.

டம்பெல்ஸின் எடை கையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. குத்து போவதோ முன்னோக்கி. ஆகவே அந்த எடையைத் தாங்கிப் பிடிக்கிற வேலையைத் தோள்பட்டைதான் செய்கிறது. குத்தைச் செலுத்தும் தசைகளுக்கு அதனால் கூடுதல் சுமை பெரிதாக இல்லை. மூன்றாவது ரவுண்டில் கை தொங்கிப்போகாமல் முகத்துக்கு முன்னால் நிற்க இந்தப் பழக்கம் உதவும் என்பதை மறுக்கவில்லை. அரைக் கிலோவோடு நிறுத்திக்கொண்டால் அந்த அளவுக்கு நல்லது. இரண்டு, மூன்று கிலோ என்று ஏற்றினால் குத்தின் வேகம் குறைகிறது, முழங்கை வெளியே விரிகிறது, முழங்கை மூட்டில் வலி ஏறுகிறது. எல்லாவற்றையும்விட மோசம், கை எப்போதும் இறுகியே இருக்கப் பழகிவிடுகிறது. முதுகெலும்பு இயக்கவியலில் பெயர் பெற்ற கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில், கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களின் தசைகளில் மின்முனை ஒட்டி அளந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் எதிரானது. நல்ல அடியில் தசை இரண்டு முறை இறுகுகிறது: கிளம்பும்போது ஒருமுறை, மோதும்போது ஒருமுறை. இடையில் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியில்தான் வேகம் இருக்கிறது. மோதும் கணத்து இறுக்கம் மணிக்கட்டையும் முழங்கையையும் பூட்டி, பின்னால் வரும் உடம்பின் எடையைச் சிந்தாமல் சேர்க்கிறது. டம்பெல்ஸை இறுகப் பிடித்தபடி பழகுகிறவனுக்கு அந்த இடைத்தளர்ச்சி எப்படிக் கைவரும்?

எடை கையிலிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வருகிறது? சோவியத் பயிற்சியியலாளர் பிலிமோனோவும் அவருடைய கூட்டாளிகளும் 1985-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த கட்டுரையில் இதைப் பங்கு பிரித்துக் காட்டினார்கள். தேர்ந்த வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு சுமார் 38 சதவீதம், இடுப்பும் உடலும் 37, கை வெறும் 24. கீழ்நிலை இளையோர் பிரிவில் காலின் பங்கு 16 சதவீதத்துக்குச் சுருங்கி, கையின் பங்கு 38-ஐத் தொடுகிறது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை அவர்கள் எண்களைக் கொடுத்திருப்பது எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. ஒரே அசைவில் கலந்துவிட்ட காலையும் இடுப்பையும் அவ்வளவு துல்லியமாகப் பிரித்துவிட முடியுமா என்ன? ஆனாலும் வரிசை தலைகீழாவது முக்கியம். தேர்ச்சி கூடக்கூடக் குத்து கையைவிட்டுக் காலுக்கு இறங்குகிறது.

இங்கிலாந்தில் ஸ்மித்தும் மற்றவர்களும் 2000-இல் வெளியிட்ட அளவீடு இதற்குத் துணை நிற்கிறது. பின்கைக் குத்தின் விசை, புதியவர்களுக்குச் சராசரி 2381 நியூட்டன், இடைநிலையினருக்கு 3722, உயர்நிலை வீரர்களுக்கு 4800. இரண்டு மடங்கு! உயர்நிலை வீரனின் புஜம் புதியவனுடையதைப்போல் இரு மடங்கு பருத்திருக்காது. முன்கைக் குத்திலோ உயர்நிலை வீரர்களே 2847 நியூட்டனைத்தான் எட்டினார்கள். பின்காலின் உந்தலும் இடுப்பின் முழுச் சுழற்சியும் பின்கைக்குக் கிடைப்பதுபோல் முன்கைக்குக் கிடைப்பதில்லை.

ஜாக் டெம்ப்சி இதை அளவுகோல் எதுவும் இல்லாமலே கண்டுகொண்டவர். 1919 ஜூலை 4 அன்று டொலிடோவில், சுமார் 85 கிலோ எடையுள்ள அவர், 111 கிலோ எடையுள்ள ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் வீழ்த்தினார். 1950-இல் அவர் எழுதிய புத்தகத்தில் குத்தின் கனத்துக்கு முதல் இடம் கைக்கு இல்லை. உடம்பை முன்னே விழவிட்டு, அந்த விழுதலைக் குத்தாக மாற்றுகிற ஒரு காலடிக்குத்தான்.

நம் பரம்பரைகள் இதில் எந்தப் பக்கம்? சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று வடசென்னையில் வாத்தியார்களிடம் வளர்ந்த குத்துச்சண்டையில், கருவிகள் குறைவாக இருந்ததே ஒரு நன்மையாக முடிந்தது என்பது என் கணிப்பு. பஸ்கி தொடையைக் கட்டியது. மணலில் ஓடியது கணுக்காலையும் கெண்டைக்காலையும் உரமாக்கியது. கர்லாக் கட்டை, தோளையும் இடுப்பையும் சேர்த்துச் சுழற்றக் கற்றுக்கொடுத்தது. கனத்தைத் தூக்குவதைவிட அதைச் சுழலவிட்டு அடக்குவது குத்துக்கு நெருக்கமான வேலை. ஆனால் அந்த முறைக்கும் குறை உண்டு. எண்ணிக்கைதான் அதன் பெருமை. நூறு பஸ்கி, இருநூறு பஸ்கி, ஐந்நூறு பஸ்கி. தம் கூடும், வெடிப்பு கூடாது. குத்து ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுகிற செயல். அதற்கு வேண்டியது அதே குறுகிய நேரத்தில் பெரிய விசையை எழுப்பும் திறன். ஐந்நூறாவது பஸ்கி அந்தத் திறனைத் தராது. ஆறு முறை உயிரைக் கொடுத்துத் தாவிக் குதித்து, நன்றாக ஓய்வெடுத்து, மறுபடி ஆறு முறை குதிப்பவனுக்கு அது வரும். பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021-இல் வந்த பிறகு அதன் நாயகன் கபிலனின் கடற்கரைப் பயிற்சியைப் போலச் செய்து பார்க்கும் ஆசை பலருக்கு வந்தது. அந்தப் படத்தில் பயிற்சிக்கு உகந்த பாடம் அவனை எதிர்த்து ஆடும் டான்சிங் ரோஸின் கால்களில் இருந்தது என்பேன்.

அடுத்தது மூட்டை. சாக்கில் மணலை நிரப்பித் தொங்கவிட்டால் சில நாளில் மணல் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும். அதை வெறுங்கையில் குத்திக் கையைத் திடப்படுத்துவதாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்பு அழுத்தத்துக்கு ஏற்ப உறுதிப்படும் என்பது உண்மைதான். விரல் முட்டியின் மேலிருக்கும் தசைநார் உறை கிழிந்தால் அது தானாக உறுதிப்படாது. அது கிழிந்த வீரனுக்கு மாதக்கணக்கில் குத்தே கிடையாது. ஜோ ஃபிரேசியர் சிறுவயதில் தென் கரோலினாவில் குத்திப் பழகிய மூட்டையைத் தானே செய்துகொண்டார். கந்தல் துணி, சோளத் தக்கை, பாசி ஆகியவற்றோடு நடுவில் ஒரு செங்கல். செங்கல் நடுவில் என்பதைக் கவனிக்க வேண்டும்; கனம் உள்ளே, மென்மை வெளியே. தையல் கடை வெட்டுத்துணியை அடைத்தால் ஆவடியிலும் அதைச் செய்யலாம். கைக்குப் பேண்டேஜ் சுற்றுவதில் மட்டும் சிக்கனம் கூடாது. மூட்டையின் இன்னொரு குறை, அது நகராது, திருப்பி அடிக்காது. அதன்மேல் சாய்ந்து தள்ளிப் பழகியவன் ரிங்கில் எதிராளி விலகியதும் நிலைதடுமாறுகிறான். தள்ளுவது குத்து அல்ல. பேடு பிடிக்கத் தெரிந்த வாத்தியார் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுப்பதை மூட்டை ஒரு மாதத்திலும் கற்றுக்கொடுக்காது.

ஜிம் எடைப் பயிற்சியைப் பழைய வாத்தியார்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள், உடம்பு கட்டிப்போகும் என்று. அந்தச் சந்தேகம் பாதி சரி. பிரேசில் தேசிய அணியின் ஆண், பெண் வீரர்களை வைத்து லோட்டுர்கோ குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், எடையோடு வேகமாகத் தாவிக் குதிப்பவர்களும், படுத்தபடி கம்பியை வேகமாக மேலே எறிபவர்களும்தான் பலமாகக் குத்தினார்கள். இதை எடுத்துக்கொண்டு ‘ஸ்குவாட் செய், குத்து கூடும்’ என்று சொல்லிவிடுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தன என்பதுதான் ஆய்வு காட்டியது. ஒன்று மற்றதை உண்டாக்கியது என்பதல்ல. தவிர, அளந்தது அசையாத திண்டின்மேல்.

பாடி பில்டிங் முறையில் பத்துப் பன்னிரண்டு முறை தூக்கித் தசையைப் பெருக்கினால், ஒரு எடைப் பிரிவில் ஆடியவன் அடுத்த பிரிவுக்குத் தள்ளப்படுவான். அங்கே அவனுக்காகக் காத்திருப்பவர்கள் இயல்பிலேயே அவனைவிட உயரமும் எலும்புக் கனமும் உள்ளவர்கள். குறைந்த முறை, கூடிய எடை, நீண்ட ஓய்வு என்று தூக்கினால் தசை அதிகம் பெருக்காமல் நரம்பின் கட்டளை கூர்மையாகும். அதோடு மெடிசின் பாலை இடுப்பைத் திருப்பிச் சுவரில் அறைவதைச் சேர்த்துக்கொண்டால், இப்போது டம்பெல்ஸுக்குப் போகிற நேரத்துக்கு உண்மையான பலன் கிடைக்கும்.

இவ்வளவும் போட்டியில் எடுபடுமா என்ற கேள்வியும் உண்டு. 1992 ஒலிம்பிக்கிலிருந்து இருபது ஆண்டுகள் பொத்தானை அழுத்திப் புள்ளி எண்ணும் முறை இருந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு நொடிக்குள் அழுத்தினால் ஒரு புள்ளி. எதிராளியைக் கீழே வீழ்த்திய குத்துக்கும் அதே ஒரு புள்ளிதான். சென்னை வீரர் வி. தேவராஜன் 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற காலம் அது. வேகமும் தூரக் கணிப்பும் ஆட்சி செய்த காலம். 2013-இல் பத்துப் புள்ளி முறை வந்த பிறகு குத்தின் தரமும் ஆதிக்கமும் கணக்கில் சேர்ந்தன. கனமான குத்துக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. ஆனாலும் மூன்று ரவுண்டுதான். முதல் ரவுண்டில் எல்லாக் குத்தையும் நாக்-அவுட்டுக்காக வீசியவனுக்கு மூன்றாவதில் காலே எழாது. கால் எழாவிட்டால் முதலில் போவது அந்தக் கனம்தான்.

எனக்குப் பெரிய தயக்கம் ஸ்பாரிங்கைப் பற்றியது. உலகத் தரவரிசையில் இருந்த ஒரு கனரக வீரரின் குத்தை 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அளந்து எழுதினார்கள்: 4096 நியூட்டன், உறை போட்ட ஆறு கிலோ மரச்சுத்தியல் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். குத்து வாங்கிய மூளைக்கு என்ன ஆகும் என்று ஹாரிசன் மார்ட்லாண்ட் எழுதியது 1928-லேயே. ஹெட்கார்டு புருவக் கிழிசலைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்று அதை நம்ப முடியாது. உயர்நிலை ஆண்கள் போட்டிகளிலிருந்து 2013-இல் அதை எடுத்தேவிட்டார்கள். போட்டி வருடத்தில் சில நாள். ஸ்பாரிங் வாரம் தவறாமல். பலத்தை வளர்க்கும் பயிற்சி வெற்றி பெற்றால், அதன் முதல் பலனை வாங்குகிறவன் கூடப் பழகும் தோழன்தான். பெரிய ஆள், சின்ன ஆள் பார்க்காமல் எதிரெதிரே நிறுத்தி, ‘வெயிட்டாப் போடு’ என்று வெளியிலிருந்து கத்துகிற பயிற்சியாளரிடம் பலப் பயிற்சி தொடங்கவே கூடாது. பேடிலும் மூட்டையிலும் முழு பலம், ஸ்பாரிங்கில் பதினாறு அவுன்ஸ் கிளவுஸும் பாதி பலமும் என்று பிரித்து வைக்கிறவரிடம் பையனைச் சேர்க்கலாம். பதினான்கு வயதுக்குக் கீழே என்றால் பலத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். அந்த வயதில் காலடி வைக்கக் கற்றுக்கொண்டால் போதும்.