ஆயிரம் மணித்தியாலக் கணக்கு: ஒரு விவரணப்படம் குறித்து

கொசிமா டனோறிற்சரின் விவரணப்படம் 2010இல் எடுக்கப்பட்டு, 2011இல் ஆர்த்தே தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. 'குப்பைமேட்டுக்காக வாங்குதல்' என்பது அதன் டொச்சுத் தலைப்பின் பொருள். அந்தக் காலத்துச் சாமான் உழைக்கும், இந்தக் காலத்துச் சாமான் இரண்டு வருடத்தில் போய்விடும் என்று எம்மவர்கள் கலியாண வீடுகளில் அலுக்காமல் சொல்லிவரும் கதைக்கு ஆவணங்களோடு வந்த சாட்சியாகவே இந்தப் படம் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. நாங்களும் வேலை முடிந்த ஒரு ஞாயிறு இரவில் நாலைந்து பேராகக் கூடிப் பார்த்தோம். அனைவரும் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவுகிறவர்கள், காய்கறி வெட்டுகிறவர்கள். மெசின்களோடு நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் மல்லுக்கட்டுகிறவர்கள் என்ற ஒரே தகுதியில் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

படத்தின் மையம் மின்குமிழ். 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலான கொம்பனிகள் கூடி 'பீபஸ்' என்ற கூட்டை அமைக்கின்றன. அதற்குமுன் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் மணித்தியாலம் எரிந்த குமிழை ஆயிரத்துக்குக் குறைக்க வேண்டும் என்று முடிவாகிறது. கூடுதலாக எரியும் குமிழைச் செய்த கொம்பனிக்குத் தண்டப்பணம்! உழைக்காமல் போகச் செய்வதற்கு இத்தனை பரிசோதனையும் கண்காணிப்பும் வேண்டியிருந்திருக்கிறது. பழைய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் இந்தப் பகுதி படத்தின் மிகச் சிறந்த பகுதி.

ஆனால் இதே இடத்தில்தான் படம் ஒன்றை மறைக்கவும் செய்கிறது. கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் குமிழைக் காட்டி எம்மை வியக்க வைக்கிறார்கள். அது இன்று தருவது நாலு வாட் அளவிலான ஒரு மங்கல் வெளிச்சம். அணைத்து ஏற்றப்படுவதும் மிக அரிது. இழையைக் குறைந்த சூட்டில் வைத்தால் குமிழ் நெடுநாள் எரியும், அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும். பிரித்தானியாவில் ஏகபோக வணிகத்தை விசாரித்த ஆணைக்குழு 1951இல் தந்த அறிக்கைகூட ஆயிரம் மணித்தியாலத்தை நியாயமான நடுநிலை என்றே ஏற்றுக்கொண்டது. கூட்டுக் கொள்ளை இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. விலையையும் சந்தையையும் அவர்கள் பங்குபோட்டது உண்மையே. ஆனால் பௌதிகம் பாதி, பேராசை பாதி என்று கலந்து கிடப்பதை முழுச் சதியாகக் காட்டினால் பார்ப்பவர்கள் கோபத்தோடு வீடு போவார்கள், விளக்கத்தோடு போகமாட்டார்கள்.

மின்குமிழைப் பற்றிப் பேசுகையில் எமக்கு இன்னொன்றும் நினைவில் வராமலில்லை. 1990இல் பொருளாதாரத் தடையோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் போட்ட விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். றேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். அங்கே எந்தச் சாமானும் எறியப்படவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கால்மிதி தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. பழைய மெசின்கள் உழைத்ததற்கு இரும்பின் தடிப்பு மட்டும் காரணமல்ல. வேறொன்று வாங்க வழியில்லாத பெண்கள் அதற்கு எண்ணெய் விட்டார்கள், பட்டி மாற்றினார்கள், பிள்ளைகளைக் கிட்டவிடாமல் காத்தார்கள். பொருளின் ஆயுள் என்று கணக்கிடும்போது இந்த உழைப்பை யாரும் சேர்ப்பதில்லை. படமும் சேர்க்கவில்லை. பழைய விளம்பரத் துண்டுகளில் சிரிக்கும் பெண்கள் வந்து போகிறார்கள், அவ்வளவே.

கிழக்கு ஜேர்மனி பற்றிய பகுதியும் இப்படித்தான். பிறிஜ்ஜும் சலவை மெசினும் இருபத்தைந்து வருடம் உழைக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்ததாகச் சொல்கிறார்கள். கிழக்கு பெர்லின் தொழிற்சாலையின் நெடுநாள் எரியும் குமிழை 1981இல் ஹனோவர் கண்காட்சியில் மேற்கு வியாபாரிகள் ஒதுக்கித் தள்ளிய கதையும் வருகிறது. நல்லது. ஆனால் அந்தப் பொருட்களுக்காகச் சனங்கள் காத்துக் கிடந்ததையும், வியட்நாமிலும் மொசாம்பிக்கிலும் இருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அந்த ஆலைகளில் நின்றதையும் யார் சொல்வது? எம் அண்ணன்மார் பலர் எண்பதுகளில் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அந்த நாட்டைக் குறுக்கறுத்தே மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். அவர்களைக் கேட்டால் அங்கே கண்டது பாதுகாப்பான பிறிஜ் அல்ல.

எமக்கென்றால் குமிழைவிட அந்த நாட்டின் 'சூப்பர்பெஸ்ற்' கண்ணாடிக் கோப்பையே பெரிய உதாரணம். 1980 முதல் 1990 வரை பத்துக் கோடிக்கு மேல் செய்தார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியத்தைப் பொற்றாசியத்தால் மாற்றி இறுக்கமாக்கும் முறை. உணவகங்களுக்கென்றே வந்த கோப்பை. விழுந்தாலும் இலகுவில் உடையாது. சுவர் விழுந்ததும் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. உடைவதால் வாழும் கண்ணாடி வியாபாரத்துக்கு உடையாத கோப்பை எதற்கு? உடைந்த கோப்பைக்குச் சம்பளத்தில் பிடிப்பு விழுந்த எங்களில் இருவர் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் சந்தோஷம் இருக்கவில்லை.

படத்துக்குப் பின் வந்த தகவல் ஒன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஜேர்மன் சுற்றாடல் அலுவலகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழுதானதால் ஐந்து வருடத்துக்குள் மாற்றப்பட்ட பெரிய வீட்டுச் சாமான்களின் வீதம் 2004இல் 3.5 ஆக இருந்து 2012இல் 8.3 ஆகியது. அதாவது எம்மவர் முறைப்பாடு வெறும் புலம்பல் அல்ல. அதேவேளை, திட்டமிட்டுப் பழுதாக்கியதற்கான ஆதாரத்தை அந்த ஆய்வு காணவில்லை. மாற்றப்பட்ட பெரிய சாமான்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வேலை செய்துகொண்டிருந்தவை என்றும் சொல்கிறது. சலவை மெசினின் தொட்டியை ஒட்டிச் செய்வதால், உள்ளே ஒரு பெயரிங் தேய்ந்தால் முழுவதையும் எறிய வேண்டியிருக்கிறது. 2021 மார்ச் முதல் சலவை மெசின் உதிரிப்பாகங்களைப் பத்து வருடம் வரை கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. பாகத்தின் விலையையும் திருத்துபவரின் கூலியையும் கூட்டினால் புதிய மலிவு மெசின் வந்துவிடுகிறது என்பது வேறு விடயம்.

படத்தின் கடைசியில் பொருளியலாளர் சேர்ஜ் லத்தூஷ், குறைவாக வாங்குங்கள், குறைவாக உற்பத்தி செய்யுங்கள் என்கிறார். யாரைப் பார்த்து? உழைக்கும் மெசின் ஆயிரத்துக்கு மேல் விலை. ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் 'டுல்டுங்' தாளோடு இருப்பவர் பதினைந்து வருட மெசினை எந்த வீட்டில் வைப்பார்? அவர் வாங்குவது இருநூற்றைம்பது யூரோ மெசினை, அல்லது தெருவோரம் மற்றவர்கள் எறிந்ததை. மலிவை விரும்பும் கூட்டம் என்று அடுத்த மாடிக்காரர் சொல்லும்போது இந்தத் தாளை அவர் கண்டிருக்கமாட்டார். படத்திலும் இந்த ஆள் இல்லை.

அக்ராவின் அக்பொக்புளோஷியில் கேபிள் எரிக்கும் பையன்களைக் காட்டுகிறார்கள். அந்தப் புகை உண்மை. அந்த இரும்புச் சந்தை 2021இல் இடித்து அகற்றப்பட்டது. ஆனால் அதே நகரில் ஐரோப்பா எறிந்த ரீவியையும் பிறிஜ்ஜையும் பிரித்து, ஒன்றிலிருந்து எடுத்த பாகத்தை இன்னொன்றில் பூட்டி, மறுபடி ஓடவைத்து விற்கிற நூற்றுக்கணக்கான திருத்துநர்கள் இருக்கிறார்கள். பழுதான சாமானை எப்படி உழைக்க வைப்பது என்று பேசும் படம் ஒன்றில் அவர்களுடைய மேசைகளுக்குக் கமெரா ஒருமுறைகூடத் திரும்பவில்லை.