விடியற்காலையை விட்டுவிட்ட பிரசங்கம்

எங்கோ ஒரு ஜெபக்கூட்டம் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தலைப்பு தயார்: உபத்திரவத்தில் களிகூருதல். வேதபாடம் பெரும்பாலும் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம்.

இந்தப் போதனையை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதன் வேர் மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. பிலிப்பியருக்கு எழுதிய மகிழ்ச்சி ததும்பும் நிருபத்தைப் பவுல் காவலில் இருந்துகொண்டுதான் எழுதினார். அடிக்கிறவன் எதிர்பார்ப்பது நம் பயத்தை. அது கிடைக்காவிட்டால் பாதி தோற்றுவிடுகிறான். எல்லாம் சரி.

ஆனால், அடிபட்டவன் தானாகக் கண்டடைந்த மகிழ்ச்சியை, அடிபடாதவர் ஒலிபெருக்கி முன் நின்று கட்டளையாக்குகிறார். அழுதவள் விசுவாசக் குறைச்சல் உள்ளவள் ஆகிறாள். போலீசில் புகார் கொடுத்தவன் மாம்சத்தில் நடக்கிறவன் ஆகிறான். கெத்செமனேயில் இயேசுவே கலங்கினார் என்பது அப்போது யாருக்கும் நினைவு வருவதில்லை. இதற்குப் பெயர் ஆறுதலா? வாயடைப்பு என்பேன்.

அந்த 16ஆம் அதிகாரத்தையே பாருங்கள். பவுலும் சீலாவும் அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்ட நிலையில் நடுராத்திரியில் பாடுகிறார்கள். பூமி அதிர்கிறது. சிறைச்சாலைக்காரன் அவர்கள் காயங்களைக் கழுவி, வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறான். பிரசங்கி அங்கே ஆமென் சொல்லிவிடுகிறார். அதிகாரமோ இன்னும் முடியவில்லை. பொழுது விடிந்ததும் விடுதலை உத்தரவு வருகிறது. பவுல் நகர மறுக்கிறார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் ஊரறிய அடித்துவிட்டு, இப்போது கமுக்கமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து கெஞ்சுகிறார்கள். ராத்திரி பாடிய அதே வாய்தான் காலையில் சட்டம் பேசியது. போதகர்களே, 40ஆம் வசனம்வரை வாசியுங்கள்.

நம் காலத்திலும் இது நடந்தது. 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் நடந்த வன்முறையில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் வீடிழந்து முகாம்களில் கிடந்தபோது, பேராயர் ரபேல் சீனத் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கொடுத்த இழப்பீடு போதாது, குற்றமே நடக்கவில்லை என்றோ குற்றவாளி கிடைக்கவில்லை என்றோ மூடிய 315 வழக்குகளை மறுபடி பாருங்கள் என்று 2016 ஆகஸ்ட் 2ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நீதி கேட்டதால் அந்த மக்களின் விசுவாசம் குந்துமணி அளவும் குறைந்துவிடவில்லை.