'தி ஃபால்' குழுவும் அதன் சுவைஞரும்

தமிழாசிரியர்கள் விரும்பிப் படிக்கும் இப்பகுதியில், ஆங்கில நாட்டுக் கூச்சல் இசைக்குழு ஒன்றைப் பற்றி எழுத என்ன தேவை வந்தது என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது முறையே. ஆயினும், சுவைத்தல் என்னும் செயலைப் பற்றி நாம் வகுப்பறையிலும் மேடையிலும் ஓயாமல் பேசுகின்றோம். கவிதை நயத்திற்கென்று தேர்வுத்தாளில் மதிப்பெண்ணும் ஒதுக்குகின்றோம். ஒரு கலைஞனிடம் நாற்பதாண்டுக் காலம் நீங்காப் பற்று வைத்தவர்கள் அவனை எவ்வாறு சுவைத்தார்கள், அப்பற்று எங்கே அவர்கள் செவியைக் கூர்மையாக்கிற்று, எங்கே கண்ணை மறைத்தது என்று ஆராய்வதற்கு, நான் அறிந்த அளவில் 'தி ஃபால்' குழுவைப்போல் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.

மான்செஸ்டர் நகரை அடுத்த பிரெஸ்ட்விச் என்னும் ஊரில் 1976-ஆம் ஆண்டு இக்குழு தோன்றிற்று. அவ்வாண்டு ஜூன் திங்களில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழுவினர் மான்செஸ்டரில் நடத்திய கச்சேரியைக் கேட்ட இளைஞர் சிலர் தாமும் குழு அமைக்க முனைந்தனர். அவருள் ஒருவர் மார்க் ஈ. ஸ்மித். 1957-இல் சால்ஃபர்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை விட்டபின் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கெழுதும் எழுத்தராக இருந்தவர். கிடைத்த நூலையெல்லாம் தாமே படித்துத் தேறியவர். மார்ட்டின் பிராமா, டோனி ஃபிரியல், ஊனா பெய்ன்ஸ் ஆகியோர் அவருடன் சேர்ந்தனர். ஆல்பெர் காமு 1956-இல் எழுதிய 'வீழ்ச்சி' என்னும் புதினத்தின் பெயரே குழுவின் பெயராயிற்று.

அக்காலத்தில் எழுந்த பங்க் இசை சினம் மிக்கது. விரைவில் ஓய்ந்தும் விட்டது. அதன் சினத்தை விடாமல் புதிய வழிகளைத் தேடியவர்களைப் 'போஸ்ட்-பங்க்' குழுவினர் என்பர். அக்குழுக்களில் பல சில ஆண்டுகளில் கலைந்தன. சில மென்மையாகிப் பொருளீட்டின. 'தி ஃபால்' கலையவும் இல்லை, மென்மையாகவும் இல்லை. 1979 முதல் 2017 வரை முப்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் நாட்டின் விற்பனை வரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது 1993-இல் வந்த ஒன்றே. அதுவும் ஒன்பதாம் இடம். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், தம் அறுபதாம் வயதில், ஸ்மித் காலமானார். அன்றோடு குழுவும் முடிந்தது.

இக்குழுவைக் கேட்டவர் இரு கட்சியாகப் பிரிந்தே நின்றனர். ஸ்மித்துக்குப் பாட வராது. அவர் பாதி பேசுவார், பாதி அதட்டுவார். வரியின் ஈற்றில் 'ஆ' என்றோர் ஓசையைத் தொங்கவிடுவார். பொருளின்றி ஓசை நிரப்ப வரும் சொல்லை நம் இலக்கணத்தார் இசைநிறை என்பர். அந்த 'ஆ'வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அச்சொல்லே நினைவுக்கு வரும். மேடையில் உடன் வாசிப்பவரின் ஒலிபெருக்கித் திருகாணிகளைத் தாமே திருப்பிவிடுவார். சில நாள் அவையோருக்கு முதுகைக் காட்டி நிற்பார். இதைக் காசு கொடுத்துக் கேட்க வேண்டுமா என்று எழுந்து போனவர் பலர். போகாதவர் வாழ்நாள் முழுதும் போகவில்லை.

முதற்கேள்வியில் நானும் எழுந்து போன கட்சிதான். 1990-களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனுக்கு, மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்த அவன் அண்ணன் ஓர் ஒலிநாடா அனுப்பியிருந்தான். 1985-இல் வெளிவந்த 'திஸ் நேஷன்ஸ் சேவிங் கிரேஸ்' என்னும் தொகுப்பு அது. ஒரே தாளத்தை ஐந்து நிமிடம் அரைக்கிறார்களே, இதற்குப் பெயர் இசையா என்று சண்டை போட்டேன். சில திங்கள் கழித்துப் பயிற்சிக்காக ஒரு தோட்டப்பள்ளிக்குச் சென்றேன். மூன்றாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தனர். பத்து முறை கேட்டபின் எண்கள் காதில் விழுவது நின்றுவிட்டது. ஒருத்தி அரைக்கணம் முந்துவதும், கடைசிப் பலகையில் ஒருவன் தெரியாத எண்ணை முணுமுணுத்து மழுப்புவதும், 'ஏழெட்டு' வந்ததும் எல்லாரும் சேர்ந்து தடுமாறுவதுமே கேட்டன. அன்றிரவு விடுதியில் அந்த நாடாவை நானே கேட்டு வாங்கினேன்.

இக்குழுவின் அடிப்படையே திரும்பச் சொல்லல்தான். 1978-இல் வந்த முதல் தட்டிலேயே 'ரெப்பிட்டிஷன்' என்ற பெயரில் ஒரு பாட்டு உண்டு. பேஸ் கித்தாரும் மேளமும் இடம் பெயராமல் நிற்கும். அவற்றின்மேல் குரல் தன் போக்கில் அலையும். மாறாத ஒன்று கீழே கிடப்பதனால் மேலே நிகழும் சிறு மாற்றமும் பெரிதாகக் கேட்கிறது. 1982-இல் வந்த 'ஹெக்ஸ் எண்டக்ஷன் ஹவர்' என்னும் தொகுப்பில் மேளக்காரர் இருவர். ஒரு பகுதி ஐஸ்லாந்திலும், மற்றொரு பகுதி ஹிட்சின் என்ற ஊரில் மூடப்பட்டுக் கிடந்த திரையரங்கொன்றிலும் பதிவாயின. ஒரு மணி நேரம் ஓடும் அத்தட்டைக் கேட்டு முடிக்கும்போது நெடுந்தொலைவு நடந்து வந்த களைப்பு உண்டாகும். அக்குழுவின் தலைசிறந்த படைப்பு அதுவே என்பது என் துணிபு.

சுவைஞருள் முதல்வர் பி.பி.சி. வானொலியின் ஜான் பீல். 1978 முதல் 2004 வரை இருபத்து நான்கு முறை இக்குழுவைத் தம் நிகழ்ச்சிக்கு அழைத்துப் பதிவு செய்தார். இவர்கள் எப்போதும் வேறாகவே இருக்கிறார்கள், எப்போதும் ஒன்றாகவே இருக்கிறார்கள் என்னும் கருத்துப்பட அவர் சொன்னதைச் சுவைஞரெல்லாம் மந்திரம்போல் ஓதுவர். எந்தத் தட்டை வாங்கலாம் என்று கேட்ட நேயர்களுக்கு, எல்லாவற்றையும் வாங்குங்கள் என்பதே அவர் விடை. வேடிக்கையாகச் சொன்னதாகத் தோன்றினும், இதில் ஒரு திறனாய்வுக் கொள்கை அடங்கியிருக்கிறது. நல்லனவற்றைப் பொறுக்கித் தொகுத்த திரட்டின் வழியே இக்குழுவை அறிய இயலாது. சறுக்கிய தட்டு எது என்று தெரிந்தவனுக்கே அடுத்த தட்டின் எழுச்சி புலப்படும். நம் மாணவர் ஒரு புலவரின் நான்கு பாடலைப் பாடநூலில் படித்துவிட்டு அப்புலவரைப் படித்துவிட்டதாக எண்ணுவதை இங்கு நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

பீலும் ஸ்மித்தும் நேரில் பேசிக்கொண்டது மிகக் குறைவு. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் பீல் பெரு நாட்டில் திடீரென இறந்தபோது, பி.பி.சி. தொலைக்காட்சி ஸ்மித்தை அழைத்து இரங்கல் கேட்டது. அவர் நாவைச் சுழற்றி முகத்தைக் கோணி ஏதோ சொன்னார். இருபத்தாறு ஆண்டு தம்மைத் தாங்கிய ஒருவருக்கு இவ்வளவுதானா நன்றி என்று பலர் மனம் நொந்தனர். சுவைஞரோ அதையும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சேர்த்துக்கொண்டனர்.

இச்சுவைஞரின் உழைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஸ்மித்தின் வரிகள் தெளிவாகக் காதில் விழா. பல அச்சிலும் இல்லை. சுவைஞர் அவற்றைக் கேட்டுக் கேட்டு எழுதினர். ஒரே பாட்டின் வெவ்வேறு பதிவுகளை ஒப்பிட்டுப் பாட வேறுபாடு குறித்தனர். தெருப்பெயருக்கும் பழைய திகில் கதைகளின் எதிரொலிக்கும் உரை கண்டனர். ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்தவர் செய்யும் வேலை இது. 2008-இல் சால்ஃபர்ட் பல்கலைக்கழகம் இக்குழுவைப் பற்றி ஆய்வு மாநாடொன்று நடத்திற்று. 'ஹெக்ஸ் எண்டக்ஷன் ஹவர்' தட்டில் மேளம் வாசித்தவருள் ஒருவரான பால் ஹான்லி, அந்த ஒரு தட்டைப் பற்றியே 2019-இல் ஒரு முழு நூல் எழுதினார். எந்தக் காலம் சிறந்தது என்ற வழக்கும் அவர்களிடையே ஓயாது. 1983-இல் அமெரிக்காவிலிருந்து வந்து ஸ்மித்தை மணந்த பிரிக்ஸ் குழுவில் சேர்ந்து மெட்டுக்கு இடம் தேடிக் கொடுத்தார். அதனால் குழு கெட்டது என்பார் ஒரு சாரார். அதனால்தான் பிழைத்தது என்பார் மற்றொரு சாரார். நான் இரண்டாம் சாரார் பக்கம்.

இதுவரை சொன்னது செவியைக் கூர்மையாக்கிய அன்பு. இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவோம்.

நான் தலைசிறந்தது என்ற அந்த 1982-ஆம் ஆண்டுத் தட்டின் முதற்பாட்டான 'தி கிளாசிக்கல்' தொடங்கிச் சிறிது நேரத்தில், கறுப்பினத்தாரை இழித்துரைக்கும் சொல் ஒன்று வருகிறது. கறுப்பினக் கலைஞர்களால் உலகப்புகழ் பெற்ற மோடவுன் நிறுவனம் இக்குழுவை ஏற்க எண்ணியதாகவும், அத்தட்டைக் கேட்டபின் கைவிட்டதாகவும் குழுவினர் சொல்லி வந்தனர். சுவைஞர் இதற்கு இரண்டு விடை வைத்திருக்கின்றனர். அது ஸ்மித்தின் கூற்றன்று, பாத்திரத்தின் கூற்று என்பது ஒன்று. பெயருக்குச் சில கறுப்பினத்தாரைச் சேர்த்துக் காட்டிக்கொள்ளும் பண்பாட்டு நிலையங்களையே அவ்வரி எள்ளுகிறது என்பது மற்றொன்று. இரண்டாம் விடையில் ஓரளவு உண்மை இருக்கிறது; வரியின் சினம் பாய்வது அந்நிலையங்களின்மேல்தான். ஆயினும் என் பாட்டனார் இந்நாட்டு ரப்பர்க் காட்டில் ஐம்பதாண்டு பால்மரம் சீவியவர். அவரைக் 'கூலி' என்று அழைத்தவருள் எவரும் பாத்திரக் கூற்றாக அழைக்கவில்லை. எள்ளப்படுபவன் மேலே இருக்க, சொல் போய் விழுவது கீழே நிற்பவன்மேல் என்றால், அங்கே கவிஞனின் குறி தவறிவிட்டது என்றே சொல்ல வேண்டும். தட்டு சிறந்தது, அவ்வரி குற்றமுடையது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்ன சுவைஞரை நான் அதிகம் கண்டதில்லை. அவர்கள் வழக்கறிஞராகிவிடுகின்றனர்.

அடுத்தது, உடன் உழைத்தவர்களின் நிலை. நாற்பதாண்டில் அறுபதுக்கும் மேற்பட்டோர் குழுவில் சேர்ந்து விலகினர், அல்லது விலக்கப்பட்டனர். தாமும் கேட்பவருடைய பாட்டியும் சேர்ந்து மேளம் தட்டினாலும் அது 'தி ஃபால்'தான் என்று ஸ்மித் சொன்னதாக ஒரு பேச்சுண்டு. உணவகத்தில் பச்சைக்காய்க் கலவை கேட்டதற்காக ஒலிப் பொறியாளர் ஒருவரை நீக்கிய கதையைச் சுவைஞர் சிரித்துச் சிரித்துச் சொல்லுவர். 1998-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் நகரில் மேடையிலேயே சண்டை மூண்டது. பின்னர் ஸ்மித்தைப் போலீசார் கைது செய்தனர். மூவர் குழுவை விட்டு விலகினர். இதுவும் கதைதான். அம்மூவருள் ஒருவர் ஸ்டீவ் ஹான்லி. 1979 முதல் பத்தொன்பது ஆண்டுகள் பேஸ் கித்தார் வாசித்தவர். குரல் அலைவதற்கு வேண்டிய மாறாத ஒன்று கீழே கிடந்தது என்று முன்னே சொன்னேன் அல்லவா? அவ்வாண்டுகளில் அதை வாசித்தவை அவருடைய விரல்கள். வேலை போன நாளின் மறுநாட் காலை அவருக்கு எப்படி விடிந்தது என்று அக்கதையைச் சொல்லுவோர் சொல்லுவதில்லை.

நான் இளம் ஆசிரியனாகச் சேர்ந்த பள்ளியில் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். பேச்சாளர், பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். உடன் பணியாற்றிய ஆசிரியர்களை மாணவர் முன்னிலையிலேயே நாக்கூசாமல் ஏசுவார். அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அதுவும் அவருடைய பேச்சுத்திறனில் ஒரு பகுதி. அவர் ஓய்வு பெற்ற நாளில் பழைய மாணவர்கள் கண்ணீர் விட்டழுதனர். நாங்கள் பின்வரிசையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். அழுதவர்களின் அன்பைப் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்டது ஒருவரை. நாங்கள் கண்டது மற்றொருவரை. இன்று நானும் அந்த இருக்கையில் இருப்பதனால் இதைச் சற்றுக் கூச்சத்தோடே எழுதுகிறேன்.

ஆதலின் அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் எனக்கு மகிழ்ச்சி தருகின்றன. 2008-இல் டேவ் சிம்சன் என்ற பத்திரிகையாளர், விலகிய உறுப்பினர்களைத் தேடிச் சென்று பேசி ஒரு நூல் எழுதினார். 2014-இல் ஸ்டீவ் ஹான்லி தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். நெடுநாள் பணிசெய்தவனின் அலுப்பும் நகைச்சுவையும் கலந்த நல்ல நூல். ஸ்மித் இறந்தபின் பிராமாவும், ஸ்டீவ் ஹான்லி, பால் ஹான்லி என்ற உடன்பிறந்தார் இருவரும், சைமன் வுல்ஸ்டன்கிராஃப்ட், பீட் கிரீன்வே என்போரும் சேர்ந்து 'ஹவுஸ் ஆஃப் ஆல்' என்ற குழுவை அமைத்தனர். ஐவரும் வெவ்வேறு காலங்களில் 'தி ஃபால்' குழுவில் இருந்தவர்கள். 2023-இல் அவர்களுடைய முதல் தட்டு வெளிவந்தது. தலைவன் இல்லாமல் இவர்கள் என்ன செய்துவிட முடியும் என்று முகஞ்சுளித்தவரும் உண்டு. நெடுங்காலம் ஒரு பெயரை மட்டுமே சொல்லிப் பழகிய நா அவ்வளவு எளிதில் ஐந்து பெயர்களைச் சொல்லாது.

அத்தட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் போட்டேன். பாடியவர் பிராமா, குரல் முற்றிலும் வேறு. இரண்டு மேளம் முழங்கின. பேஸ் கித்தார் ஒரே இடத்தில் நின்று சுழன்றது. சிறுவயது முதல் என் இசைத்தட்டுகளைப் பொறுத்துக்கொண்டு வளர்ந்த என் மகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, இது அந்தப் பழைய ஆளுங்கதானே?" என்றாள்.