மூன்று கால் பின்னல்

வெள்ளிக்கிழமை முற்பகலில் எண்ணெய் ஸ்நானம் முடித்து, உலர்ந்த கூந்தலை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு கீழ்ப்படியில் ஒரு பெண் குழந்தை உட்கார, அவளுக்குப் பின்னால் மேற்படியில் அத்தையோ பாட்டியோ சீப்பும் கையுமாக அமர்ந்து தலை பின்னத் தொடங்கும் காட்சியைச் சிறு பிராயம் முதல் பார்த்து வந்திருக்கிறேன். நல்ல சங்கீதக் கச்சேரியில் கிடைக்கும் ஆனந்தத்துக்கு அது எள்ளளவும் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

பின்னலுக்கு அஸ்திவாரம் ஸ்நான அறையிலேயே இடப்படுகிறது. இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் உச்சியில் வைத்து, விரல் நுனிகளால் மயிர்க்கால்களில் படியத் தேய்த்து, சற்று நேரம் ஊறவிட்டு, வெந்தயமும் பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்த சீயக்காய்ப் பொடியை வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். சீயக்காயின் நுரை சோப்பு நுரையைப் போலப் பொங்காது. ஆயினும், பிசுக்கை அகற்றிய பிறகும் கூந்தலுக்கு உரிய வழவழப்பைக் கொஞ்சம் மிச்சம் வைக்கிற தாட்சண்யம் அதற்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும்போது, பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை நனைத்து, வாசப் புகையில் உலர்த்திக்கொள்கிறாள். நம் வீட்டு மூலையில் சாம்பிராணி புகையும் தூபக்கால் எனக்கு அவளைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

சிக்கெடுப்பதில்தான் கைகாரியின் யோக்கியதை வெளியாகும். தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்கிறது. ஆகவே முப்பது அங்குலச் சடையின் நுனி ஐந்து வருஷத்து வெயிலையும் காற்றையும் கண்டது, மிகவும் நைந்தது. இதை அறிந்தவள் ஈரத் தலையில் சீப்பை வைக்கமாட்டாள். உலர்ந்த பிறகும் உச்சியிலிருந்து இழுக்காமல், நுனியை ஒரு கையால் பற்றி முதலில் அதை வாரி, பிறகு ஒரு சாண் மேலே போய், படிப்படியாக ஏறி வருவாள். நடுவில் முடிச்சு ஒன்று எதிர்ப்பட்டால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, பூத்தொடுக்கும் நாரைப் பிரிப்பது போல விரலால் இழை இழையாகப் பிரிப்பாள். "கொஞ்சம் அசையாமல் இரு அம்மா" என்கிற குரலில் கோபம் இராது.

அப்பால், மூக்கு நுனிக்கு நேராக வகிடு. பிடரியில் மூன்று கால்களாகப் பிரித்து, வலப்புறத்துக் காலை நடுவின் மேல் போட்டு, இடப்புறத்துக் காலை அதன் மேல் போட்டு மாற்றி மாற்றி வருகிற அந்தக் கிரமம் யாருக்கும் ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். கைவர வருஷங்கள் ஆகும். முதல் மூன்று மடிப்பு இறுக்கமாகவும், ஆனால் நெற்றி மயிர் வலிக்காமலும் இருக்க வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரே இழுப்பு. கால்களில் ஒன்று மெலிந்தால் சடை அந்தப் பக்கம் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். தேர்ந்தவள் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலில் உணர்ந்து, பக்கத்துக் காலிலிருந்து நாலு மயிரை எடுத்துச் சேர்த்துவிடுவாள். தாளம் தப்பாத மிருதங்க வித்துவானின் விரலுக்கும் இதற்கும் என்ன பேதம்?

நாலுகால், ஐந்துகால் பின்னல்களும், கல்யாணத்துக்குத் தாழம்பூ வைத்துத் தைத்துக் குஞ்சலம் தொங்கவிடும் சடையும் விசேஷமானவைதாம். எனினும் தினந்தோறும் பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குப் பின்னுகிற மூன்று கால் பின்னலையே நான் உயர்வாக மதிக்கிறேன். பூவும் நகையும் மறைக்காத அதில், கையின் நேர்த்தி ஒன்றுதான் சௌந்தரியம்.

என் தமக்கைக்கு எங்கள் அத்தை காலை எட்டு மணிக்குப் பின்னிவிட்ட சடை, அவள் பாண்டி ஆடி, மரம் ஏறி, விளக்கேற்றும் வேளையில் வீடு திரும்பும்போதும் ஒரு மடிப்புக் குலையாமல் இருக்கும்.