மார்த்தா எழுப்பும் கேள்வி

அமைதிக்கான நோபல் பரிசை முதன்முதலில் பெற்ற பெண்மணி பெர்த்தா ஃபான் சுட்னர். 1905இல் அவருக்கு அப்பெருமை கிடைத்தது. அவர் பெயரை அறிந்தோரும் அவருக்குப் புகழ் தேடித்தந்த நாவலை இன்று படிப்பதில்லை. 1889இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' என்பதே அந்நாவல். பதிப்பாளர் பலர் வெளியிட மறுத்த அது, பின்னர் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அமைதி இயக்கத்தின் குரலாயிற்று.

கதைத்தலைவி மார்த்தா, ஆசிரியரைப் போலவே, ஆஸ்திரியப் படைத்தலைவர் ஒருவரின் மகள். போரே பெருமை என நம்பி வளர்ந்தவள். 1859ஆம் ஆண்டு இத்தாலியப் போரில் அவளுடைய முதற்கணவர் மடிகிறார். 1866இல் பொகேமியப் போர்க்களத்தில் இரண்டாம் கணவரைத் தேடி அலைகிறாள். அவர் பிழைத்துக்கொள்கிறார், ஆனால் போரின் பின்னே வந்த காலரா அவளுடைய உடன்பிறந்தோரைப் பறித்துக்கொள்கிறது. 1871இல் பாரிஸ் நகரில், ஒற்றர் என்ற ஐயத்தால் அக்கணவரும் சுட்டுக்கொல்லப்படுகிறார்.

கலைநோக்கில் நூலுக்குக் குறைகள் உண்டு. மாந்தர் உரையாட வேண்டிய இடங்களில் சொற்பொழிவாற்றுகின்றனர். ஒரே குடும்பத்தின்மீது இத்தனை துயரங்களை அடுக்கியதும் வாதத்திற்காகவே எனத் தோன்றுகிறது. எனினும் போர்க்களத் தேடலில் வாதம் ஓய்ந்துவிடுகிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் காயமுற்றோர் மட்டுமே நம் கண்முன் நிற்கின்றனர். அப்பகுதி ஒன்றே நூலை வாழவைக்கப் போதுமானது.

இரு தரப்புப் படைகளும் ஒரே கடவுளிடம் வெற்றி வேண்டுகின்றனவே, அவர் யாருக்குச் செவிசாய்ப்பார்? நாவல் எழுப்பும் இக்கேள்வி, குருவாகிய என்னை நெடுநேரம் வாளாவிருக்கச் செய்தது. குருமடத்தில் நீதியான போருக்குரிய நிபந்தனைகளை வரிசை தவறாமல் ஒப்பித்தோம். மார்த்தாக்களைப் பற்றி எவரும் எங்களிடம் வினவவில்லை. சுட்னர் திருச்சபையைக் கடுமையாகக் குறைகூறியவர். அதனாலேயே அவருக்குச் செவிகொடாது இருந்துவிட்டோமோ?

அணுயுகத்தில் போரை நீதிக்குரிய கருவியாகக் கொள்வது அறிவுக்கு ஒவ்வாது எனத் திருத்தந்தை 23ஆம் யோவான் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் எழுதியது 1963இல்தான். நாவல் வெளிவந்து அதற்குள் 74 ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டு உலகப் போர்களும் நடந்து முடிந்திருந்தன.

சுட்னர் 1914 ஜூன் 21 அன்று கண்மூடினார். ஒரு வாரத்தில் சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது. எதிரியின் நாட்டிலும் ஒரு மார்த்தா முழந்தாளிட்டிருக்கிறாள் என்பதை நம் மன்றாட்டுகளில் நினைவுகூர்வோமானால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் காலந்தாழ்ந்த நன்றியாகும்.