சான்றிதழும் சம்பளமும்

வயதுவந்தோருக்கான சமூகப் பராமரிப்பில் பணிபுரிவோருக்காக இங்கிலாந்தில் 2024-ஆம் ஆண்டு அறிமுகமான இரண்டாம் நிலைச் சான்றிதழ், பட்டம் பெறாத தொழிலாளிக்கு நிலையான மதிப்பைத் தேடித் தந்துவிட்டதென்று அதன் ஆதரவாளர்கள் பூரிப்புடன் பேசுகிறார்கள். பராமரிப்பு இல்லங்கள் மலிந்த லண்டன் குரோய்டனில், கேர் வேலையை நம்பிக் குடும்பம் நடத்தும் தமிழரிடையே வாழும் எனக்கு, அந்தப் பூரிப்பில் பங்குகொள்ள மனம் வரவில்லை.

சான்றிதழால் விளைந்த நன்மையை மறுப்பது நியாயமன்று. ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட அவதி அம்பலமானபின், பத்திரிகையாளர் காமிலா காவென்டிஷ் 2013-இல் அளித்த அறிக்கையின் பயனாக 2015 ஏப்ரலில் வந்த பழைய கேர் சர்டிபிகேட்டில், கற்பிப்பவரும் பரீட்சிப்பவரும் கையொப்பமிடுபவரும் ஒரே முதலாளியாக இருந்தமையால், குரோய்டனின் தார்ன்டன் ஹீத்தில் அதன் 15 பகுதிகளையும் முடித்தவரைப் பர்லியிலுள்ள இல்லம் நம்பாமல், கை கழுவும் பாடத்திலிருந்தே மறுபடி தொடங்கச் சொல்வது சகஜமாயிற்று. புதியதை முதலாளியல்லாத வெளியமைப்பு வழங்குவதால் அந்த அவமதிப்பு குறையும்.

ஆனால், ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்துக்குச் சான்றிதழ் செல்லுபடியாவதும், அதைப் பெற்றவருடைய உழைப்புக்கு விலை உயர்வதும் ஒன்றே என்று கருதுவது பெரும்பிழை என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். 2025 ஏப்ரலில் சட்டம் விதித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, பராமரிப்புத் தொழிலாளர் பெரும்பாலோர் அதையொட்டியே சம்பளம் பெற்றார்கள், ஐந்தாண்டு அனுபவம் உடையவருக்கும் நேற்று வந்தவருக்கும் இடையே மணிக்குச் சில பென்ஸ்களே வித்தியாசம் என்பதை ஸ்கில்ஸ் ஃபார் கேர் அமைப்பின் ஆண்டறிக்கைகளே காட்டியிருக்கின்றன. 2024 ஜனவரியில் பராமரிப்புப் பணியாளருக்கென அரசு வெளியிட்ட பதவிப் படிநிலைத் திட்டமும் ஒவ்வொரு படிக்கும் உரிய கடமைகளை விஸ்தாரமாக வர்ணித்து, ஊதியத்தைப்பற்றி மௌனம் சாதித்தது. தேர்ச்சி பெற்றவரை முதலாளிகள் மதிக்கிறார்கள் என்று வாதிப்போர், சம்பளச் சீட்டில் காணாத அந்த மதிப்பு வேறெங்கே இருக்கிறதென்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முதலாளியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 2020-இலும் 2022-இலும் வரவுசெலவைச் சமன்செய்ய இயலாதென்று பிரகடனம் செய்த குரோய்டன் நகரசபை போன்ற ஸ்தாபனங்கள் செலுத்தும் கட்டணமே பல இல்லங்களுக்கு ஜீவாதாரம். அந்தக் கட்டணம் ஊழியரின் தகுதியைப் பொறுத்து ஏறுவதில்லையாதலால், திறமைக்குக் கூடுதல் பணம் தர முதலாளிக்கு இஷ்டமிருந்தாலும் வழியில்லை.

வேறொரு தொழிலைப் பாருங்கள்: எரிவாயுக் கொதிகலன் பொருத்துகிறவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெறாமல் தொழில் செய்தால் சட்டம் தண்டிக்கிறது. பட்டமில்லாத அவருடைய தகுதிக்கு மதிப்பு அந்தக் கட்டாயத்திலிருந்து வருகிறது. படுக்கையிலிருந்து எழ முடியாத கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவருக்கு வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் பதிவு கட்டாயம். இங்கிலாந்தில் அப்படியொரு பதிவேடே இல்லை. இரும்புக் குழாய்க்குக் காட்டும் ஜாக்கிரதையை மனித சரீரத்துக்குக் காட்டாத ஓர் ஏற்பாட்டை முன்னேற்றமென்று போற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

2028-இல் நடைமுறைக்கு வருமென்று அரசு அறிவித்துள்ள, பராமரிப்புத் தொழிலாளருக்கான நியாய ஊதிய உடன்படிக்கைக்காக 50 கோடி பவுண்டு ஒதுக்கப்படுகிறது. இச்சான்றிதழ் பெற்றவருக்கு மணிக்கு இவ்வளவு அதிகம் என்ற ஷரத்து அந்த உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும். அந்த அதிகத் தொகையை நகரசபைக் கட்டணத்தில் சேர்த்துத் தர மத்திய அரசும் கட்டுப்பட வேண்டும்.