திருப்பிப் பார்க்காத கண்காட்சிகள்

சத்தி பக்கம் தையல் பயிற்சி வகுப்புகள் முடியும்போது நடக்கிற கண்காட்சிகளைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். மூன்று மாதமோ ஆறு மாதமோ வகுப்பு நடக்கும். கடைசி நாள் ஒரு மண்டபத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, புள்ளைங்க தைத்ததையெல்லாம் அடுக்கி வைப்பார்கள். குழந்தை கவுன், தலையணை உறை, ஜிகினா ஒட்டிய சுவர் அலங்காரம், ஆரி வேலை போட்ட ப்ளவுஸ். சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டுவார், மேசை மேசையாக நடப்பார், "அருமைங்க, அருமைங்க" என்பார். போட்டோ, டீ, முடிந்தது.

இதில் எனக்குள்ள குறை ஒன்றுதான். யாரும் துணியைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

அற்ப விஷயம் மாதிரித் தோன்றலாம். ஆனால் தையலில் முக்கால்வாசி உட்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு ப்ளவுஸை உள்ளே திருப்பினால் முதலில் தெரிவது பக்கத் தையல். அங்கே துணி விட்டிருக்கிறதா? கல்யாணத்துக்குத் தைத்த ப்ளவுஸ் குழந்தை பிறந்த பிறகும் வேண்டும். அதனால் ஓரத்தில் துணி விட்டு, வேண்டும்போது பிரித்துக்கொள்ள வசதியாக இரண்டு மூன்று தையல் வரிசையாக ஓட்டியிருப்பார் நல்ல டெய்லர். அடுத்தது கை ஏற்றின இடம். கைத்துணியின் முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் குடைந்து வெட்ட வேண்டும். இடது கையை வலது பக்கம் மாற்றி ஏற்றிவிட்டால், மடித்து மேசையில் வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் தெரியும். அப்புறம் அடிநூல். மேல் நூலின் இறுக்கம் போதாவிட்டால் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக நிற்கும். மேலே இருந்து பார்த்தால் கோடு நேராகப் போன மாதிரிதான் இருக்கும்.

கண்காட்சி எதைப் பாராட்டுகிறதோ, வகுப்பும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. தூரத்திலிருந்து மின்ன வேண்டும், அவ்வளவுதான். அதனால் கடைசி இரண்டு வாரம் பசையும் ஜிகினாவும் பாசிமணியுமாகப் போகிறது. ஒரு கண்காட்சியில் (எது என்பது வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான்) நன்றாக இருந்த ஒரு ப்ளவுஸைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தைத்த பெண் தயங்கினாள். "ஏனுங்க்கா, உள்ளயெல்லாம் யாருங்க பாக்கறாங்க?" நியாயமான கேள்வி. அடுத்து, "வெட்டினது யாரு கண்ணு?" என்று கேட்டேன். "மிஸ் வெட்டிக் குடுத்துட்டாங்க. நாங்க தச்சோம்."

எனக்கு ஜிகினாவைவிட இந்தப் பதில்தான் உறுத்தியது. கடைத்தெருவில் போய்ப் பாருங்கள். வெட்டுகிறவருக்குப் பெயர் மாஸ்டர், தைக்கிறவர் டெய்லர். அளவு எடுத்துத் துணியில் கத்திரி வைக்கிற தைரியம்தான் தொழில். துணி பாழானால் பொறுப்பு அவருடையது, அதனால் காசும் மரியாதையும் அவருக்கு. அந்த மாஸ்டர் பெரும்பாலும் ஆம்பளை. காஜா எடுக்கும் பையனாகக் கடையில் சேர்ந்து, பொத்தான் கட்டி, ஹெம்மிங் அடித்து, பல வருஷம் பக்கத்தில் நின்று பார்த்துக் கத்திரி பிடித்தவர். பயிற்சி வகுப்பிலோ முழுக்கப் பெண்கள். அவர்களுக்கு வெட்டிக் கொடுத்துத் தைக்கச் சொன்னால், அந்த வகுப்பு அவர்களை எந்த இடத்துக்குத் தயார் செய்கிறது?

திருப்பூருக்கு, என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போகிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கம்பெனி வண்டி வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே ஒரு பனியனை ஒருத்தர் தைப்பதில்லை. ஒருத்தர் தோள் இணைப்பார், ஒருத்தர் கை ஏற்றுவார், ஒருத்தர் கழுத்துப் பட்டி வைப்பார். பத்து வருஷம் ஓவர்லாக் ஓட்டியவருக்குத் தன் மகளுக்கு ஒரு பாவாடை சட்டை வெட்டத் தெரியாமல் இருக்கலாம். அது அவர் தப்பு இல்லை, வேலை அப்படிப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பயிற்சி வகுப்பும் அதே பிரிவினையை முன்கூட்டியே செய்துவிட்டு, முடிவில் "சுயதொழில்" என்று பேனர் கட்டுவதுதான் எனக்குப் புரியவில்லை.

அரசின் இலவசத் தையல் மெஷின் திட்டம் இருக்கிறது, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதற்குத் தையல் தெரியும் என்று ஒரு சான்றிதழ் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழுக்காகவே சேருகிறவர்களும் உண்டு. மெஷின் வீட்டுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா அளவு ப்ளவுஸும் புதுத் துணியும் கொண்டுவந்து நீட்டும்போதுதான் பரீட்சையே. முதல் துணி பாழானால் இரண்டாவது துணி வராது, ஊர் சின்னது.

அமெரிக்காவில் 4-எச் என்று ஓர் இளையோர் அமைப்பு உண்டு. 1902இல் ஒஹையோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி அதிகாரி ஆரம்பித்த கிராமத்துப் பிள்ளைகள் சங்கம் அதன் தொடக்கங்களில் ஒன்று. பிள்ளைகள் கன்றுக்குட்டி வளர்ப்பார்கள், சோளம் விளைவிப்பார்கள், துணி தைப்பார்கள். வருஷம் ஒருமுறை மாவட்டச் சந்தையில் கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே எனக்குப் பிடித்தது நடுவர் முறை. பல இடங்களில் நடுவர், தைத்த பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே துணியைப் பார்க்கிறார். உள்ளே திருப்புகிறார், இந்தத் துணியை ஏன் எடுத்தாய், இந்த ஜிப் எப்படி வைத்தாய், எங்கே பிரித்துத் தைத்தாய் என்று கேட்கிறார். பல சந்தைகளில் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு என்று அடுக்குவதும் இல்லை. தரத்தை எட்டிய எல்லோருக்கும் நீல ரிப்பன், அடுத்த நிலைக்குச் சிவப்பு, அதற்கடுத்து வெள்ளை. டேனிஷ் முறை என்று பெயர். தைத்ததைத் தானே போட்டுக்கொண்டு மேடையில் நடக்கிற போட்டியும் உண்டு. இடது கை வலது கை மாறியிருந்தால் அங்கே ஒளிக்க முடியாது.

அதை அப்படியே கொண்டாடவும் வேண்டியதில்லை. வெகுகாலம் அங்கேயும் பையனுக்குக் கன்றுக்குட்டி, பெண்ணுக்கு ஊசி என்றுதான் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், பாலக்காடு தாண்டினால் கேரளப் பள்ளிகளில் பிரவர்த்தி பரிசய மேளா நடக்கிறது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குள் அங்கேயே செய்து காட்ட வேண்டும். மிஸ் வெட்டிக் கொடுத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. நேரம் வைத்துத் தைக்கச் சொன்னால் வேகத்துக்குத்தான் மதிப்பு, அளவுப் பொருத்தத்துக்கு இல்லை என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்துக்கொண்டே கொண்டுவரலாம்.

நம் பள்ளிகளில் கைத்தொழில் ஏன் இப்படிக் காட்சிப் பொருளாகவே நின்றுவிட்டது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை, குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார் ஈரோட்டுப் பெரியார். 1954இல் காமராஜர் வந்து அதை எடுத்தார். எடுத்தது முழுக்கச் சரி. அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுவதை எந்தப் பெயரிலும் ஏற்க முடியாது. ஆனால் அதன் பிறகு கைவேலை என்றாலே ஒரு சந்தேகம், ஒரு கூச்சம். பிறகு மேல்நிலையில் தொழிற்பிரிவு வந்தது, ஆடை வடிவமைப்புக்குப் பாடப்புத்தகமும் வந்தது. படிப்பு வராத பிள்ளைக்கு என்ற முத்திரையும் கூடவே வந்தது. கணக்கில் தப்பு போட்டால் சிவப்பு மையில் சுழிக்கிறோம். தையலில் தப்பு போட்டால் "பாவம், புள்ள ஆசையாத் தச்சிருக்குது" என்கிறோம். அந்தப் பாவம் பார்ப்பதில்தான் எனக்கு அவமரியாதை தெரிகிறது.

சோதித்துப் பார்க்கத் தெரியாத ஊரா இது? ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரையும் மாடும் வாங்க வருகிறவர்களைப் பாருங்கள். வாயைப் பிளந்து பல் எண்ணுவார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுக் காலைப் பார்ப்பார்கள். "அருமைங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் அங்கே ஒருத்தர்கூடக் கிடையாது.

தெரிந்த ஒரு கட்டிங் மாஸ்டரிடம், கண்காட்சிக்கு நடுவராக வருவீர்களா என்று கேட்டேன். வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தை, அன்றைக்கு மட்டும் முடியாது, மற்ற நாள் வருகிறேன் என்றார். என்ன வேண்டும் உங்களுக்கு என்றதற்கு, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, இஞ்ச் டேப், தைத்த புள்ளை எதிரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஒரு பயிற்சி மையத்தில் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். இஞ்ச் டேப்புக்குச் சரி சொல்லிவிட்டார்கள். கண்ணாடி பற்றி யோசித்துச் சொல்வதாக இருக்கிறார்கள்.